மிதக்கும்போதே எடுத்த சருகு

மாசி பிறந்ததும் எங்கள் ஊர் வேம்புகள் இலையுதிர்க்கத் தொடங்கும். வைகாசியிலே சோளகம் எழுந்துவிட்டால், வேலியிலுள்ள பூவரசின் பழுத்த இலைகளும் வளவெங்கும் பறக்கும். முற்றத்திலே விழுந்த சருகை விடியற்காலையிலேயே கூட்டிவிடுகின்ற நாம், கிணற்றிலே விழுந்த சருகைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றோம். வாளியால் அதனைச் சற்றே விலக்கிவிட்டுத் தண்ணீரை அள்ளிச் செல்கின்றோம். விலக்கப்பட்ட அந்தச் சருகு பின்னர் என்னவாகின்றது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற மழை சுண்ணாம்புக் கற்பாறைகளின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரை நமக்குத் தருகின்ற வாயில்தான் கிணறு. அதன் வாய் திறந்தே கிடக்கின்றது. வானத்து மழைக்குத் திறந்திருக்கும் வாய், மரத்துச் சருகுக்கும் திறந்தேயிருக்கும் அன்றோ?

நீரில் விழுந்த இலை உடனே மூழ்குவதில்லை. சில நாட்கள் மிதக்கும். பின்னர் நீரூறி, கனத்து, அடியிலே சென்று படியும். அங்கே நுண்ணுயிர்கள் அதனை அழுகச் செய்கின்றன. அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகின்றது. இலையிலிருந்து கரையும் சாயம் நீரைத் தேயிலைச் சாயம்போல மங்கச் செய்கின்றது. அடியிலே கறுத்த சேறு திரண்டு, கெட்டுப்போன முட்டையின் நாற்றமும் எழுகின்றது. மிதக்கும் இலையை எடுப்பதற்கு ஒரு விநாடி போதும். மூழ்கிய இலையை எடுப்பதற்கோ கிணற்றையே இறைக்கவேண்டும்.

இதனை நான் கற்றது நூலிலன்று. 1995ஆம் ஆண்டின் இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். எங்கள் குடும்பமும் அவர்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு சித்திரையிலே திரும்பி வந்தபோது, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னர் எந்தையார் கிணற்றையே எட்டிப் பார்த்தார். நீர் தெரியவில்லை. மாதக் கணக்காக விழுந்த வேப்பஞ்சருகும் முறிந்த கிளைகளும் ஓலைகளும் மேலே ஒரு பாய்போல விரிந்து கிடந்தன.

எனக்கு அப்போது இளவயது. அரையிலே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க ஆயத்தமானேன். எந்தையார் என் தோளைப் பிடித்து, "தம்பி, பொறு. முதலில் விளக்கு இறங்கட்டும், பிறகு நீ இறங்கலாம்" என்றார். அரிக்கன் விளக்கொன்றை ஏற்றிக் கயிற்றிலே கட்டி மெல்ல இறக்கினார். நீர்மட்டத்துக்கு இன்னும் ஒரு பாகம் இருக்கையிலே சுடர் ஒடுங்கி அணைந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அணைந்தது விளக்கேயன்றி என் உயிரன்று என்பதை எண்ணும்போது இன்றும் மெய் சிலிர்க்கின்றது.

அழுகிய பொருள்கள் ஒட்சிசனைத் தின்று, கரியமில வாயுவையும் நச்சு வாயுக்களையும் கிணற்றினுள்ளே தேக்கி வைக்கின்றன. இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் மடிகின்ற செய்திகளை நாம் அறிவோம். அந்த விளக்குச் சோதனையையும் நான் இன்று எவருக்கும் சொல்லமாட்டேன். விளக்கு எரிந்தாலும் நச்சு வாயு இருக்கலாம். எரியும் வாயு இருப்பின் விளக்கே ஆபத்தாகும். நெடுநாள் பாவியாத கிணற்றினுள் இறங்காதிருப்பதே அறிவு. நாங்கள் மேலே நின்றே நான்கு நாட்கள் இறைத்தோம். கடகம் கடகமாகச் சருகு வந்தது.

உயிருக்கு ஊறு செய்வது வாயு மட்டுமன்று. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே, இலங்கை மலேரியா நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டின் இறுதியிலே, நம் நாட்டில் முன்னர் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டறியப்பட்டது. மலேரியாவைப் பரப்பவல்ல இந்நுளம்பு, வீட்டுக் கிணறுகளிலும் நீர்த் தொட்டிகளிலும் முட்டையிடுவது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா கண்டிருந்தது. கண்காணிப்புத் தளரவே, அப்பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டது. மிதக்கும் சருகின் மறைவு நுளம்புக் குடம்பிகளுக்கு நல்ல ஒதுக்கிடம் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? சிலர் மரத்தை வெட்டு என்பர். நிழலையும் காற்றையும் தரும் வேம்பைச் சருகின் பொருட்டு வெட்டுவது, தலைவலிக்காகத் தலையைக் கொய்வது போலாகும். கிணற்றின் மேலே வந்த கிளையைக் கழித்தல் போதும். வாயை நெருக்கமான கம்பிவலையால் மூடி, வாளி செல்லுமளவுக்கு ஒரு கதவு வைக்கலாம். நீண்ட கம்பிலே வளையமிட்டுப் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டினால், மிதப்பவற்றை வாரியெடுக்கும் கருவி ஆயத்தம். வீட்டிலே நீச்சற்குளம் வைத்திருப்போர் இதே கருவியால் நாள்தோறும் குளத்து மேற்பரப்பை வாருகின்றனர்.

அவர்கள் அறிந்த இன்னொன்றும் உண்டு. சருகு நிறைந்த நீரிலே குளோரீனைக் கொட்டினால், அது கிருமியைக் கொல்லுமுன் சருகோடு கூடியே செலவாகிவிடும். ஆதலின் முதலில் வாருதல், அடுத்து இறைத்தல், அதன் பின்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவுப்படி மருந்திடுதல். இவ்வொழுங்கு மாறினால் மருந்தும் வீண், உழைப்பும் வீண்.

எங்கள் பாடசாலைக் கிணறு ஒரு வேம்பின் கீழேதான் இருக்கின்றது. காலை மணி அடிக்குமுன், ஆசிரியர் ஒருவர் அருகே நிற்க, மூத்த மாணவர் இருவர் வலையால் சருகை வாருவர். அச்சருகு தோட்டத்து வாழைக்குப் பசளையாகின்றது. நீரிலே கிடந்தால் நஞ்சு. நிலத்திலே இட்டால் உணவு. வேலை முடிய ஐந்து நிமிடமும் ஆவதில்லை. ஒருநாள் விடுபட்டால் எவர்க்கும் தெரியாது; ஒரு மாதம் விடுபட்டால் குடிப்பவர் அனைவர்க்கும் தெரியும். சிறு கடமைகள் யாவற்றின் இயல்பும் இதுவே.

நாளைக் காலையில் வாளியை இறக்குமுன் ஒரு கணம் உள்ளே பாருங்கள். இலையொன்று மிதந்தால் அதனை விலக்காதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள்.