பயத்தோடே ஏறுங்கள்



மாணவிகளே, பட்டம் கைக்கு வரும் இந்த நாளில், மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் உங்கள் மனத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்த என்னிடம் நேர்காணலில் ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வேன்? தெரிந்தவர் யாருமில்லாத சென்னையில் எப்படித் தங்குவேன்? தொழில் தொடங்கி நொடித்துப்போனால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பேன்? இதையெல்லாம் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கையில் பணமும் கைதூக்கிவிட ஆளும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லக்கூடிய பெண்கள் இந்தப் புதுக்கோட்டை மண்ணிலேயே இருக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் பயிற்சி தர முனைந்தார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவர்களை ஊர் சும்மா விடவில்லை. காதுகூசும் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார்கள்.

லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று கண்டுகொண்டு, அதுவே வசதி என்றார்கள். குறை என்று நினைத்த ஒன்று, ஏறி ஓட்டிய பிறகுதான் வசதியாகத் தெரிந்தது. கேரியரில் சரக்கைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல், கூடுதலாக நாலு ஊர் போய் விற்றுவரவும் முடிந்தது.

தைரியம் வந்த பிறகு செய்யலாம் என்று அவர்கள் ஒத்திப்போட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஓட்ட ஓட்டத்தான் தைரியம் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் ஒருத்தி மட்டும் ஏறியிருந்தால் ஊரார் பேசிய பேச்சே அவளை இறக்கியிருக்கும். கூட்டமாக ஏறியதால் பேசியவர்கள்தான் ஓய்ந்துபோனார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஆள் இருந்ததால் முதல்நாள் பயமும் பாதியானது.

அதற்கு வெகுகாலம் முன்பே துணிந்த ஒரு பெண்ணும் இங்கே உண்டு. இதே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். முத்துலட்சுமி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், எழுபதை நெருங்கும் வயதில், 1954இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். துணிந்து கேட்க ஒரு பெண் இருந்தாள். திறந்துவிட ஒருவர் இருந்தார். இரண்டும் சேர்ந்ததால் கதவு திறந்தது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். தகுதி போதுமா என்று யோசித்துத் தள்ளிவைத்த விண்ணப்பம் ஒன்று உங்களில் பலரிடம் இருக்கும். அதை இந்த வாரமே அனுப்புங்கள். தடுமாறும் ஆங்கிலத்திலேயே முதல் நேர்காணலைப் பேசுங்கள். இரண்டாவதில் தடுமாற்றம் குறையும். அடுத்து, நீங்கள் ஒரு வேலையில் அமர்ந்ததும், உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்துவிட்டுத் திகைத்து நிற்கும் ஒரு பெண்ணைத் தேடிப் போங்கள். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து விடுதி பார்ப்பதுவரை கூடவே இருங்கள். உங்களுக்குக் கிடைக்காத துணை அவளுக்குக் கிடைக்கட்டும்.

 பயத்தோடே ஏறுங்கள், ஜெயிப்பீர்கள்.