பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

(நம் சங்கத்தின் மும்பைக் கிளை நடத்திய மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. "பத்தாவது படித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது இஞ்சினீயர் மட்டுமே செய்யக்கூடிய காரியமாக இருந்தால், இந்த மேடையில் பேசிப் பயனில்லை. நம் சங்க அலுவலகத்தில் தூசி படிந்து கிடந்த பெட்டியை எடுத்து, நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்து பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். அந்த நாலு பேரில் ஒருவர் இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இன்னொருவர் பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் தோழர் வீட்டுப் பெண்.

பழசு என்று தீர்மானிப்பது யார்?

நம் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் எப்படி வருகிறது? ஷோரூமிலிருந்து வருவதில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் உழைத்து ஓய்வு பெற்ற பெட்டி, லாமிங்டன் ரோடு வழியாக நம் கைக்கு வருகிறது. அல்லது வேலை பார்க்கும் இடத்தில் முதலாளி, "எடுத்துக்கொண்டு போ" என்று கொடுக்கிறார். அந்தப் பெட்டியில்தான் நம் பிள்ளை பள்ளிக்கூட வேலையைச் செய்கிறது. அதில்தான் பி.எஃப். கணக்கைப் பார்க்கிறோம். 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலிருந்து ஊருக்குப் போகும் டிக்கெட் வரை எல்லாம் அதில்தான்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. அது 2015 ஜூலையில் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அப்படியே நிறுத்தியது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பும் நிபந்தனைகளோடு அறிவிக்கப்பட்டது. "சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்வோம்" என்றால், அதற்கு 4 ஜி.பி. ரேம் வேண்டும், 64 ஜி.பி. இடம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும், பிராசசரும் அவர்கள் போட்டிருக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். நம் பெட்டிகளில் முக்கால்வாசி இந்தப் பரீட்சையில் தேறாது.

தோழர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அக்டோபர் 13ஆம் தேதி ஓடிய பெட்டி 15ஆம் தேதியும் ஓடத்தான் செய்தது. அதில் ஒரு திருகாணிகூடத் தேயவில்லை. நின்றுபோனது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். கதவில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு இனி ஆள் வரமாட்டார். ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளேதான் நம் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பெட்டி நம்முடையது, அதன் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரம் இன்னொருவருடையது. கூலி உழைப்பில் வாங்கிய பொருளுக்கு இந்தக் கதி என்றால், இது அரசியல் இல்லாமல் வேறென்ன?

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு நாலு உரிமைகள் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எதற்காகவும் இயக்கலாம்; உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துத் திருத்தலாம்; நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம்; திருத்தியதையும் கொடுக்கலாம். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், கம்ப்யூட்டரின் அடிப்படை இயக்கத்தை நடத்தும் கருவான லினக்சை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்களின் கைபட்டு வளர்ந்ததைத்தான் இன்று சுருக்கமாக லினக்ஸ் என்கிறோம்.

இதை ஏதோ ஏழைகளுக்கான மட்டச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் 500ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பரிலேயே 500ம் லினக்சில் ஓடின. பெரிய கம்பெனிகளும் இதைப் பயன்படுத்துகின்றன, சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதவும் வைக்கின்றன. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கம்பெனியும் தனியாக இதற்குப் பூட்டுப் போட முடியாது. நமக்கு வேண்டியது அதுதான்.

நாங்கள் செய்து பார்த்தது

சங்கத்துப் பெட்டியில் இருப்பது இன்டெல் கோர் 2 டுயோ பிராசசர், 2 ஜி.பி. ரேம், 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம் என்ற நிலையில் இருந்தது. கடையில் காட்டியபோது, "இது ஓடாது சேட், எடைக்குப் போடுங்கள்" என்றார்கள்.

லினக்சில் பல வகை உண்டு. 4 ஜி.பி. ரேம் உள்ள பெட்டிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ, எம்.எக்ஸ். லினக்சோ, லுபுண்டுவோ போதும். அதற்கும் கீழே இருந்தால் ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் போன்ற மெலிந்த வகைகள் இருக்கின்றன. நாங்கள் ஆன்டிஎக்ஸைத் தேர்ந்தெடுத்தோம். டெபியன் என்ற பழம்பெரும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு கிரேக்க நாட்டில் பிறந்தது அது. அதை உருவாக்குகிறவர்கள் பாசிச எதிர்ப்பாளர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். 2019இல் வந்த பதிப்புக்கு, அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட பிரேசில் நாட்டு மக்கள் பிரதிநிதி மாரியெல் ஃபிராங்கோவின் பெயரை வைத்தார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, பெட்டியில் இருக்கும் போட்டோக்கள், சான்றிதழ்கள், பிள்ளைகளின் பாடங்கள் எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொள்ளுங்கள். இதை முடிக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

இரண்டாவது, பெட்டி 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். கோர் 2 டுயோவும் அதற்குப் பின் வந்த மேஜைக் கம்ப்யூட்டர்களும் அநேகமாக 64 பிட்தான். 32 பிட் பெட்டிக்குக் காலம் குறைந்து வருகிறது. குரோம் 2016லேயே லினக்சில் அதைக் கைவிட்டது. ஃபயர்பாக்சும் 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்போடு அதை நிறுத்திக்கொண்டது. ஆகையால் இனிமேல் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் 64 பிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, அதன் இணையதளத்திலிருந்து கோப்பை இறக்குங்கள். 2 ஜி.பி. அளவுக்குள் இருக்கும், காசு கிடையாது. இதைச் சும்மா நகல் எடுத்தால் வேலை செய்யாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு பென் டிரைவில் எழுத வேண்டும். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

நான்காவது, பென் டிரைவைச் செருகிப் பெட்டியைப் போட்டதும் எஃப் 12 விசையைத் தட்டுங்கள். சில பெட்டிகளில் எஃப் 9, எஸ்கேப் என்று மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்தே லினக்ஸ் ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் தொடப்படாமல் அப்படியே இருக்கும். இதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. துணிக்கடையில் போட்டுப் பார்த்து வாங்குவது போல, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, இணையம் கிடைக்கிறதா, பிரிண்டர் அசைகிறதா என்று சோதியுங்கள். வைஃபை இல்லையென்றால் போனை ஒயர் மூலம் இணைத்து அதன் இணையத்தைப் பெட்டிக்குக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, திருப்தியானால் மட்டும், திரையில் இருக்கும் நிறுவும் பொத்தானை அழுத்தி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள்.

எங்கள் பெட்டியில் திரை வந்து நின்றபோது, இருக்கும் 2 ஜி.பி. ரேமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் செலவாகியிருந்தது. அலங்காரம் கிடையாது, சன்னல் பறந்து வருவதும் நிழல் விழுவதும் கிடையாது. அதனால்தான் ஓட்டம். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றன. தமிழில் தட்டச்சுச் செய்ய ஐபஸ் என்பதைச் சேர்த்து, அதில் தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டோம். இந்த இதழுக்கு நான் அனுப்பும் பிரதியை இப்போது அந்தப் பெட்டியில்தான் அடிக்கிறேன்.

ஓடாதவையும் உண்டு

எல்லாம் சுகமே என்று சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு நீங்கள் என்னைப் பிடித்துக் கேட்பீர்கள். ஆகவே குறைகளையும் சொல்கிறேன்.

கடைக் கணக்குக்கு டாலி பயன்படுத்துகிறவர்கள் அதை லினக்சில் நேரடியாக நிறுவ முடியாது. டிஜிட்டல் கையெழுத்துச் சாவிகளிலும், வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளின் மென்பொருள்களிலும் விண்டோசை மட்டுமே ஏற்பவை இருக்கின்றன. சில பிரிண்டர்கள் பிடிவாதம் பிடிக்கும். இத்தகைய தேவை உள்ளவர்கள் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று, அமைப்பு மெலிந்தது என்பதால் இணையம் மெலிந்துவிடாது. இன்றைய இணையப் பக்கங்கள் ரேமை வாரி விழுங்குகின்றன. 2 ஜி.பி. பெட்டியில் நாலைந்து பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். முடிந்தால் பழைய ரேம் ஒன்று வாங்கிச் சேருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். புதிய பெட்டியின் விலையில் இது சிறு பகுதிதான்.

கடையில் சில நூறு ரூபாய்க்கு ஏற்றிக்கொடுக்கும் திருட்டு விண்டோசை நம்பாதீர்கள். பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம்.

நமக்கு முன்னே செய்தவர்கள்

இது புதுச் சோதனை இல்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே கட்டற்ற மென்பொருள் பக்கம் நகர்ந்தன. 2019இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட அமைப்பை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுபோனார்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் லினக்சும் அதில் இருந்தது. ஊரில் உங்கள் தம்பி, தங்கை பிள்ளைகள் வீட்டில் அந்த மடிக்கணினி பரண்மேல் கிடக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விசாரியுங்கள்.

எடைக்குப் போட்டால் எங்கே போகிறது?

கடைசியாக ஒன்று. எடைக்குப் போட்ட பெட்டி மறைந்துவிடுவதில்லை. டில்லியில் சீலம்பூர் போன்ற இடங்களில் அது பிரிக்கப்படுகிறது. செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். பலகையில் இருக்கும் உலோகத்துக்காக அமிலத்தில் போடுகிறார்கள். ஈயப் புகையைச் சுவாசிப்பது கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள். நம் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, நொறுக்கி, உருக்குகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். மின்னணுக் கழிவுக்கு 2022இல் புதிய விதிகள் வந்தன. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது, புகை நுரையீரலில் இருக்கிறது. ஒரு பெட்டியை ஐந்து வருடம் கூடுதலாக ஓட்டினால், அந்த ஐந்து வருடத்துக்கு அது யாருடைய நெஞ்சிலும் புகையாகப் போகாது.

தோழர்களே, 1980களில் ரயில்வே முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது வேலை போய்விடும் என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இயந்திரம் வந்தபோதெல்லாம் அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்றும் அதே கேள்விதான். நம் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதை நாம் விரும்பும்வரை ஓட்டுவதற்கு வழியும் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து செய்தால் பாதியில் பயம் வரும். நாலு பேர் கூடிச் செய்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிறது.

ஆகவே, கிளையின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஞாயிறுதோறும் மாலையில் சங்க அலுவலகத்தில் இதற்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு, எழுதித் தயாராக வைத்த ஐந்து பென் டிரைவ்களைச் சங்கம் வைத்திருந்து, நூலகப் புத்தகம் போல வீடுகளுக்கு இரவல் கொடுக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு சாலிலும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ஏனென்றால் பகலில் வீட்டில் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

இந்த யோசனைகளை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.