எம்மொழியில் பாடினால் உலகம் கேட்கும்?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் கூட்டம் முடிந்தபின் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, தமிழிலேயே பாடினால் தமிழன் மட்டுந்தானே கேட்பான்? உலகம் கேட்க வேண்டுமானால் ஆங்கிலம் கலந்துதானே ஆகவேண்டும்?" என்றார். அவர் எள்ளிக் கேட்கவில்லை. உண்மையாகவே ஐயுற்றுக் கேட்டார். ஐயத்திற்குச் சினம் விடையாகாது. ஆகவே, அவர் கேட்ட வினாவையே இன்றைய உரைப்பொருளாக எடுத்துக் கொண்டேன்.

முதலில் ஒரு சப்பானியப் பாட்டின் வரலாற்றைக் கேளுங்கள். 1960-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்துச் சப்பானிய மக்கள் திரண்டு போராடினர். போராட்டம் தோற்றது, உடன்படிக்கை நிறைவேறியது. அப்போராட்டத்திலிருந்து நெஞ்சுடைந்து திரும்பிய உரோக்குசுக்கே எய் என்னும் பாவலர் தம் துயரைப் பாட்டாக்கினார். 'மேல்நோக்கி நடப்போம்' என்பது அதன் தலைப்பின் பொருள். ஆச்சிதாய் நாக்காமுரா இசை வகுத்தார். கியூ சாக்காமோத்தோ என்னும் இளைஞர் பாடினார். 1961-இல் வெளிவந்த அப்பாட்டு, 1963 சூன் திங்களில் அமெரிக்கப் பாட்டுவரிசையில் முதலிடம் பெற்று, மூன்று கிழமை அவ்விடத்திலேயே நின்றது.

எம்மொழியில்? முழுக்க முழுக்கச் சப்பானிய மொழியில்! இருநாடும் பகைத்துப் பொருத போர் முடிந்து பதினெட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டின் பொருள் அறியாத அமெரிக்க இளைஞர், நேற்றைய பகைவனின் மொழியில் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். மாணவ நண்பரின் வினாவிற்கு வரலாறே விடை கூறிவிட்டது.

ஆனால், ஒரு கொடுமையும் அங்கு நிகழ்ந்தது. அப்பாட்டின் பெயர் தம் மக்கள் வாயில் நுழையாது என்று கருதிய ஆங்கில இசைத்தட்டு வணிகர், அதற்குச் 'சுக்கியாக்கி' என்று பெயர் சூட்டிவிட்டனர். சுக்கியாக்கி என்பது மாட்டிறைச்சியிட்டுச் சமைக்கும் ஓர் உணவு! நம் ஒப்பாரிப் பாட்டு ஒன்றை எவனோ ஒருவன் 'மீன்குழம்பு' என்று பெயரிட்டு விற்றால் நமக்கு எப்படியிருக்கும்? எனினும், சப்பானியர் அப்பெயரைத் தலைமேற் கொள்ளவில்லை. மேலைநாட்டில் அது விற்ற பெயர் எதுவாயினும், தம் நாட்டில் அதனை அதன் உண்மைப் பெயராலேயே வழங்கி வருகின்றனர்.

பாட்டை விட்டு அன்றாடப் புதுமைகளுக்கு வருவோம். கைப்பேசியில் சிரித்த முகமும் அழுத முகமுமாகச் சிறு படங்களை அனுப்புகின்றோமே, அவற்றை உலகமே 'எமோசி' என்கின்றது. அஃது உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று வந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அன்று! சப்பானிய மொழியில் 'எ' என்றால் ஓவியம். 'மோசி' என்றால் எழுத்து. ஓவிய எழுத்து என்பதே பொருள். சப்பானில் பிறந்தது, தாய்மொழிப் பெயரோடே உலகைச் சுற்றுகின்றது.

இவ்வாற்றல் நமக்கும் இருந்தது. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகரமுதலிக்குள் தமிழ்ப் பெயரோடுதானே புகுந்தன? மிளகுத்தண்ணீரும் அவ்வாறே அவர்தம் உணவுமேடை ஏறிற்று. பொருளைப் படைத்தவன் நாணாமல் தன் சொல்லால் பெயரிட்டான்; கொண்டவன் அச்சொல்லையும் சேர்த்தே கொண்டான்.

இனி, நம் காலத்துத் திரைப்பாட்டு ஒன்றைப் பார்ப்போம். 2011 நவம்பரில் 'கொலவெறி'ப் பாட்டு இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. அதில் உடைந்த ஆங்கிலச் சொற்களே மிகுதி. "பார்த்தீர்களா, ஆங்கிலம் கலந்ததனாலன்றோ உலகம் கேட்டது!" என்று பலர் மார்தட்டினர். ஆனால், அதனைக் கேட்ட அயலார் தேடிப் பொருள் கேட்ட சொல் எது? ஆங்கிலச் சொற்களில் ஒன்றையா கேட்டனர்? 'கொலவெறி' என்றால் என்ன என்றன்றோ கேட்டனர்! கொலை, வெறி என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களே அவர்கள் நினைவில் தங்கின. அடுத்த ஆண்டிலேயே, ஓரிரு ஆங்கிலச் சொற்கள் நீங்கலாகக் கொரிய மொழியில் அமைந்த 'காங்னம்' பாட்டு, வலையொளியில் நூறு கோடி முறை பார்க்கப்பெற்ற முதற்காட்சியாக விளங்கிற்று.

"சப்பானியரும் கொரியரும் தம் பேச்சில் ஆங்கிலத்தைக் கலக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். கலக்கின்றனர்; மிகுதியாகவே கலக்கின்றனர். 'கராவோக்கே' என்னும் சொல்லின் பின்பாதியே ஆங்கிலத்தின் சிதைவுதான். அதில் அவர்களைப் பின்பற்ற வேண்டா. தம் மொழியில் பாடுதற்கு நாணாத அந்நெஞ்சத்தை மட்டும் கற்றுக்கொள்வோம்.

உறவுகளே! இளைஞரை வைதுகொண்டிருப்பதால் பயனில்லை. அவர்கள் பாட்டை விரும்புவது குற்றமன்று, ஆடுவதும் குற்றமன்று. நல்ல தமிழில், துள்ளும் இசையில் பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது நாம் கொடுக்கவில்லையே, அதுவே குற்றம். பாவலர்கள் மேடைக்கு எழுதுவதோடு மெட்டுக்கும் எழுதுக! இசைவல்ல இளைஞர்கள் அவற்றைப் பாடி இணையத்தில் ஏற்றுக! நாம் நம் இல்லத் திருமணங்களில் அவற்றை ஒலிக்கச் செய்வோம். பேருந்தும் மிதிவண்டியும் மின்விசிறியும் முதலில் புதுச்சொற்களே; வழங்க வழங்க வாழ்ந்தன. பாட்டும் அப்படியே.

என்னிடம் வினவிய மாணவர் இன்றும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு என் விடை இதுதான்: தம்பி, உலகம் கேட்குமா என்று அஞ்சாதே. நீ உன் மொழியில் நன்றாகப் பாடு. பொருளை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

வாழ்க தமிழ்!