அமிலப் பூச்சும் அவசரமும்



எண்ணெய் வடியும் முகம் இளமைப் பருவத்தினர் பலருக்குப் பெருங் கவலை தருவதொன்று. தோலினுள்ளே அமைந்த நெய்ச்சுரப்பிகள் அப்பருவத்தில் மிகுதியாகச் சுரக்கின்றன. அந்நெய்யும், உதிர வேண்டிய இறந்த கலங்களும் ஒன்றுசேர்ந்து மயிர்த்துளைகளை அடைத்துக்கொள்ளும்போது கரும்புள்ளிகளும் பருக்களும் தோன்றுகின்றன.

இவ்விறந்த கலங்களை அகற்றவல்ல அமிலப் பூச்சுகள் இன்று மருந்துக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று சலிசிலிக்கமிலம். வில்லோ மரப்பட்டையிலுள்ள ஒரு பொருளிலிருந்து, இத்தாலிய இரசாயன அறிஞர் றபயேல் பிரியா 1838ஆம் ஆண்டில் இதனைப் பெற்றார். இது நெய்யிற் கரைவதாதலின், துளையினுட் சென்று அடைப்பை இளக்கும். எண்ணெய்த் தோலுக்கு இது பெரிதும் பொருந்துவது இதனாலேயாம். மற்றையது கரும்பிலும் காணப்படும் கிளைக்கோலிக்கமிலம். நீரிற் கரையும் இது, பெரும்பாலும் தோலின் மேற்பரப்பிலேயே தொழிற்படும்.

நாளுக்கு மூன்று முறை பூசினால் மூன்று மடங்கு விரைவில் முகம் தெளியும் என்று எண்ணுவோர் உளர். மேற்றோலின் அடியிலே பிறக்கும் கலம் மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். இவ்வொழுங்கை அமிலம் சிறிது துரிதப்படுத்தும். அளவு மீறினாலோ தோலின் காப்பரண் சிதைந்து, எரிவும் சிவப்பும் உண்டாகும். மாநிறமும் கருநிறமும் உடையோருக்கு அவ்விடம் ஆறிய பின்னரும் கருங்கறை பல மாதங்கள் மறையாது நிற்கும். பருவைப் போக்கப் புறப்பட்டவர் கறையைத் தேடிக்கொள்கிறார்.

ஆகவே, முதலில் முன்கையின் உட்புறத்திற் சிறிது பூசிச் சில நாட்கள் கவனித்தல் வேண்டும். சலிசிலிக்கமிலமாயின் நூற்றுக்கு 2 வீதத்துக்கும், கிளைக்கோலிக்கமிலமாயின் 10 வீதத்துக்கும் மேற்படாத பூச்சே வீட்டுப் பாவனைக்கு ஏற்றது. சேர்மானமும் வீதமும் குறிப்பிடப்படாத சிமிழை வாங்காதிருப்பதே நன்று. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் போதும். முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரம் உலர்ந்தபின், கண்ணையும் உதட்டையும் புண்ணையும் தவிர்த்து மெல்லியதாகப் பூசலாம். இரண்டு அமிலங்களையும் ஒரே இரவிற் பூசுதலும், முரட்டுத் துணியாலோ மணற்பொடியாலோ தேய்த்தலும் ஆகா. எண்ணெய்த் தோலுக்கும் ஈரம் வேண்டும். துளையை அடைக்காத ஈரப்பூச்சொன்றை அதன்மேல் இடலாம்.

கிளைக்கோலிக்கமிலம் பூசிய தோலை வெயில் எளிதிற் சுட்டுவிடும். பூச்சை நிறுத்திய பின்னரும் ஒரு வாரம் அவதானம் தேவை. மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையில் ஆண்டு முழுவதும் கதிரவனின் புறவூதாக் கதிர்கள் கடுமையானவை. பகலிற் குடையும், 30க்குக் குறையாத காப்பெண் கொண்ட வெயிற்காப்புப் பூச்சும் இன்றியமையாதன.

அஸ்பிரின் ஒவ்வாதோர் சலிசிலிக்கமிலத்தைத் தவிர்த்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார் வைத்தியரைக் கேட்டே எதனையும் பூசல் வேண்டும். எரிவு நீடிப்பின் பூச்சை நிறுத்திவிடுக. ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுத்திருந்தும் குணம் தெரியாவிடின், அல்லது பருக்கள் பெருத்து வலித்தால், கூடுதல் வீதமுள்ள பூச்சைத் தேடி அலையாது தோல் வைத்தியரை நாடுதலே அறிவுடைமையாகும்.