ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு எந்தக் கருவி?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சங்க மேடையில் சம்பளம், வீடு, வைத்தியம், விடுமுறை என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்று ஜன்னல் கண்ணாடி கழுவும் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதுவும் சங்கத்தின் வேலையா?" என்று சிலர் கேட்கக்கூடும். சங்கத்தின் வேலைதான். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1929-ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்றுமுதல் இந்தச் சரிவுகளில் நம் மக்கள் கொழுந்து பறித்து வந்திருக்கிறார்கள். கையால் பறித்த இடத்தில் கத்தரி வந்தது. கத்தரி இருந்த இடத்தில் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரம் வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்த அன்று வீடும் முடிகிறது. ஆகவே நம் பிள்ளைகள் தோட்டத்துக்கு வெளியே ஒரு தொழிலைத் தேடுகிறார்கள். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தங்குவிடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் பங்களாக்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கண்ணாடியில் மழைக் கறையும் பாசியும் காய்கறித் தோட்டத்துப் புழுதியும் படிகின்றன. மாதம் ஒருமுறை வீடு வீடாகச் சென்று கழுவிக் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு என்று இளைஞர் சிலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் கருவி வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தகப்பனார் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த சேமநிதியிலிருந்து வருகிறது. தாயாரின் கழுத்துச் சங்கிலியிலிருந்து வருகிறது. கருவி தவறினால் அந்தப் பணம் போயிற்று. முதுகு ஒடிந்தால் பிள்ளையும் போயிற்று. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஏணியை விட்டு இறங்குவோம்

பழைய முறை உங்களுக்குத் தெரியும். ஏணியைச் சாய்த்து, ஒரு கையால் பிடித்து, மறு கையால் சவர்க்காரத் துணி போட்டு, ரப்பர்த் தகட்டால் இழுப்பது. மேல்மாடி ஜன்னலுக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும். நம் மலையில் தரை சரிவு, புல் ஈரம், ஏணிக்கால் நிற்காது.

புதிய முறையில் ஆள் தரையிலேயே நிற்கிறான். நீண்டு சுருங்கும் கம்பு. அதன் நுனியில் தூரிகை. கம்பின் வழியே சிறு குழாய். அதில் சுத்த நீர் ஏறித் தூரிகையில் பாய்கிறது. தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிடலாம். துடைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு உயரத்தில் செய்யும் வேலைக்கான விதிகள் வந்தன. தரையில் நின்று செய்யக்கூடியதை மேலே ஏறிச் செய்யாதே என்பதே அந்த விதிகளின் முதற்பாடம். அங்கே ஜன்னல் கழுவுவோர் பெருவாரியாகக் கம்புக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டிலும் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. சிறு தொழில்தானே என்று ஏணியில் அலட்சியமாக ஏறும் காலம் போய்விட்டது.

தண்ணீரே கருவி

இந்த முறையில் கம்பைவிடத் தண்ணீர் முக்கியம். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும்தான் அந்தப் புள்ளி. அவற்றை நீக்கிவிட்டால் தண்ணீர் காய்ந்த இடம் தெரியாது.

எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அறிய டி.டி.எஸ். மீட்டர் என்ற சிறு கருவி உண்டு. பேனா அளவுதான் இருக்கும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அது காட்டும். ஜன்னலுக்குப் போகும் தண்ணீர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் புள்ளி விழ இடமுண்டு. முதலில் வாங்க வேண்டியது இந்த மீட்டர்தான். மற்றவை அப்புறம்.

உப்பை நீக்குவது ரெசின் என்ற மணிகள். ஓர் உருளையில் அவற்றை நிரப்பித் தண்ணீரை உள்ளே விட்டால், கரைந்த உப்பை மணிகள் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் உப்பு பாதியானால் அதே ரெசின் இரண்டு மடங்கு தண்ணீருக்கு வரும். சுண்ணாம்புப் பூமியில் தொழில் செய்பவனுக்கு ரெசின் செலவு கட்டாது. அவன் சவ்வூடு வடிகட்டியையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். அது உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பெரும்பங்கைக் கழிவாக வெளியே தள்ளும்.

நம் மலை கருங்கல் மலை. இங்கே ஓடைத் தண்ணீரில் கரைந்த உப்பு பொதுவாகக் குறைவு. இது நமக்குக் கிடைத்த லாபம். மழைநீரிலும் உப்பு மிகக் குறைவு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்யும் ஊர் இது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், சேற்றைக் காட்டாது. பெருமழைக்குப் பிறகு குழாயில் கலங்கல் வந்தாலும் மீட்டர் சிறிய எண்ணையே காட்டும். அந்தச் சேறு ரெசினை அடைத்துவிடும். ஆகவே ரெசினுக்கு முன்னால் ஒரு வண்டல் வடிகட்டி கட்டாயம். கூரைத் தண்ணீருக்கும் அதே விதிதான்.

நான்கு வகைக் கருவிகள்

முதலாவது, முதுகில் சுமக்கும் தொட்டி. மருந்தடிக்கும் பம்பைப் போலத்தான் இருக்கும். ஆனால் மின்கலத்தில் ஓடும். இருபது லிட்டர் பிடிக்கும். வாகனம் போகாத இடத்திலும் படிக்கட்டிலும் உதவும்.

இரண்டாவது, தள்ளுவண்டி. இரண்டு சக்கரம், அதில் 25 லிட்டர் தண்ணீர்க் கேன், பம்பு, மின்கலம். கேன் காலியானால் வேறு கேன் மாற்றலாம். சமதரைக்கு அருமையான சாதனம். கடைவீதிக்கும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்துக்கும் ஏற்றது. படிக்கட்டில் ஏறாது.

மூன்றாவது, வேனில் பொருத்திய பெரிய தொட்டியும் நீளக் குழாயும். வேகம் அதிகம், பணமும் அதிகம். வேன் வேண்டும். தொடக்கத்தில் இதை நினைக்கவே வேண்டாம்.

நான்காவது, ரெசின் உருளையை மட்டும் எடுத்துச் சென்று, வீட்டுக்காரரின் குழாயில் பொருத்துவது. ஒரு முனையில் அவர் குழாய். மறு முனையில் நம் கம்பு. குழாயில் அழுத்தம் இருந்தால் பம்பும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம், தண்ணீர் சுமக்கவும் வேண்டாம்.

விற்பனையாளர்கள் முதல் வகையைத்தான் முன்னே நிறுத்துவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எடையின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் இருபது கிலோ. பம்பும் மின்கலமும் சட்டமும் ஐந்து கிலோ என்று வைத்தால் இருபத்தைந்து கிலோ முதுகில் ஏறுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பாய்ந்தால் இருபது நிமிடத்தில் தொட்டி காலி. சாதாரண மாடி வீட்டுக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டிவரும். ஒரு நாளில் ஐந்து வீடு என்றால் பத்து முறை அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும். அதோடு தலையை அண்ணாந்து கம்பையும் பிடிக்க வேண்டும்.

காண்டாவில் இரண்டு பால் வாளி மாட்டி மேடேறிய தோழர்களுக்கு இந்தக் கணக்கை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தோள்பட்டை ஐம்பது வயதில் என்ன சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டியில், உடலை ஒட்டி இடுப்பளவில் தூக்கும் பொருளுக்கே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்றுதான் போட்டிருக்கிறது. நம் சகோதரிகளும் இந்தத் தொழிலுக்கு வருவார்கள். அவர்களுக்கு முதுகுத் தொட்டி ஏற்றதல்ல. எடுத்தே தீரவேண்டுமென்றால் பாதி நிரப்பி எடுங்கள்.

இங்கே மற்றோர் எச்சரிக்கை. "ஸ்டோரில் பழைய மருந்துப் பம்பு கிடக்கிறதே, கழுவி எடுத்துக்கொள்வோம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. ஆனால் களைக்கொல்லி ஊறிய தொட்டியும் வாஷரும் எத்தனை கழுவினாலும் நம்பத்தக்கவை அல்ல. பிறர் வீட்டு ஜன்னலிலும், நம் முகத்திலும் வடியப்போகிற தண்ணீர் அது.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். நம் மலையில் தண்ணீர் மென்மையானது. வீடுகளோ படிக்கட்டின் மேல் இருக்கின்றன. பிள்ளைகளிடம் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. தண்ணீரைச் சுமப்பதைவிட ரெசினைச் சுமப்பதே புத்தி. நான்காம் வகையில் தொடங்குங்கள். மேட்டு வீட்டில் குழாய் அழுத்தம் போதவில்லையா? ஒரு சிறு 12 வோல்ட் பம்பை இடையில் சேருங்கள். கடைவீதியில் குழாய் கிடைக்கவில்லையா? இரண்டாவதாகத் தள்ளுவண்டியை வாங்குங்கள். முதுகுத் தொட்டி கடைசி உபாயமாக இருக்கட்டும். வீட்டுக்காரரின் தண்ணீரை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். விலை பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

மின்கலம் வாங்குவோருக்கு ஒரு சொல். ஈய மின்கலத்தில் 7 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்து, பம்பு மூன்றரை ஆம்பியர் இழுத்தால், காகிதத்தில் இரண்டு மணி நேரம் வரும். பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள்.

கம்பும் மின்கம்பியும்

கம்பில் கண்ணாடி நார், கரி நார் என்று இரண்டு வகை முக்கியம். கண்ணாடி நார் விலை குறைவு; எடை கூடுதல்; நீட்டினால் வளையும். கரி நார் இலேசு, விறைப்பு, விலை கூடுதல். நாள் முழுதும் பிடிப்பது கம்பைத்தான். ஆகவே பணத்தை மிச்சம் பிடிப்பதானால் வேறிடத்தில் பிடியுங்கள். மாடி வீட்டுக்கு ஐந்தாறு மீட்டர் போதும். நீளத்துக்கு ஆசைப்பட்டால் எடையையும் சேர்த்து வாங்குகிறோம்.

கரி நார் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் கடத்தும். கண்ணாடி நார் கம்பும் நனைந்திருந்தால் நம்பக்கூடாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி தலைக்குமேல் எங்கே போகிறது என்று பார்க்காமல் கம்பை உயர்த்தாதீர்கள். பிற்பகலில் இடி முழங்கினால் கம்பைச் சுருக்கி வைத்துவிடுங்கள். ஒரு ஜன்னலின் கூலிக்காக ஓர் உயிர் வேண்டாம்.

எந்த ஜன்னலுக்கு ஆகாது?

வாங்குமுன் உங்கள் வட்டாரத்து ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் பழைய வீடுகளில் கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய ஜன்னல் அதிகம். அதில் தண்ணீர்க் கம்பை வைத்தால் தண்ணீர் உள்ளே போய் மெத்தை நனையும். அதற்குத் துணியும் வாளியும்தான். ஈயப்பட்டை வைத்துச் சிறு சிறு கண்ணாடி கோத்த பழைய பங்களா ஜன்னலும், மரச்சட்டம் உளுத்த ஜன்னலும் அப்படித்தான். உங்கள் வாடிக்கை வீடுகளில் பாதிக்குமேல் இவையாக இருந்தால் பெரிய கருவிக்குப் பணம் போடாதீர்கள்.

முதல் தடவை கழுவும்போது சட்டத்தில் ஊறிய அழுக்கு வடிந்து கோடு விழும். மேல் சட்டத்தை முதலில் கழுவி, கண்ணாடியை இரண்டு முறை அலச வேண்டும். "தண்ணீர் காய்ந்தபின் பாருங்கள்" என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஈரத்தைப் பார்த்துவிட்டு, வேலை தெரியாதவன் என்று நினைப்பார்.

சேர்ந்து வாங்குவோம்

தனியாக வாங்குவதைவிட நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்குவது நல்லது. கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு தண்ணீர்க் கம்பு பெரிதா?

கூட்டாக வாங்கினால் எழுத்தில் வையுங்கள். யார் எவ்வளவு போட்டார், கருவி எந்த நாளில் யாரிடம், உடைந்தால் செலவு யாருடையது என்று ஒரு கணக்குப் புத்தகம் இருக்கட்டும். கிராணிமார்களே, இங்கே உங்கள் எழுத்து உதவ வேண்டும். ஒரு பேச்சுக்குக் கருவி 2,400 வெள்ளி என்றால், மாதம் 200 வெள்ளி ஒதுக்கினால் ஒரு வருடத்தில் மீளும். ரெசின், பெட்ரோல், தூரிகை இவற்றைக் கழித்தபின் அந்த 200 மிஞ்சுமா என்று முதலில் பாருங்கள். கடன் வேண்டுமானால் வட்டிக்காரனிடம் போகாமல், இந்தியச் சிறுதொழிலருக்கென்று தெக்குன் நடத்தும் ஸ்பூமி திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்காமல் எந்தக் கருவிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். குழாய் இணைப்புகள் தானா ராத்தா கடையிலேயே வாங்கக்கூடியவையாக இருக்கட்டும்.

முடிவாக ஒன்று. தோட்டத்தில் வேலை செய்தால் சொக்சோ உண்டு. சொந்தத் தொழிலுக்குப் போகிறவன் தானே பதிந்துகொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் மேலும் 19 துறைகளுக்கு விரிந்தது. கம்பு வாங்கும் அன்றே சொக்சோ அலுவலகத்துக்கும் போய்ப் பதியுங்கள். காப்பு இல்லாத தொழிலாளி, முதலாளி என்று பெயர் வைத்துக்கொண்டாலும் தொழிலாளியே.

நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போகட்டும், தடையில்லை. ஆனால் ஒரு பாரத்தை இறக்கிவைத்து இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். கண்ணால் பார்த்து, மீட்டரால் அளந்து, நாலு பேரைக் கேட்டு, சேர்ந்து வாங்குங்கள். சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.