மஞ்சள் இலை சொல்வதும் சொல்லாததும்

(வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் வேளாண்மைப் பட்ட வகுப்பு மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



பயிரின் இலை மஞ்சளிப்பதைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்திருப்பது பொருத்தந்தானா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். ஐயம் நியாயமானதே. ஆனால் ஒரு கணக்கை நினைத்துப் பாருங்கள். 2022-23ஆம் நிதியாண்டில் உர மானியத்திற்காக மத்திய அரசு செலவிட்ட தொகை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெருந்தொகையும் இறுதியில் எந்த முடிவின் பேரில் மண்ணில் போய்ச் சேருகிறது? வரப்பின்மேல் நின்று இலையின் நிறத்தைப் பார்க்கும் ஓர் உழவர் எடுக்கும் முடிவின் பேரில். அந்த முடிவு பிழைபட்டால், அவருடைய பணமும் நாட்டின் பணமும் ஒன்றாக வீணாகின்றன. ஆகவே இலையைப் படித்தறிவது பொருளாதாரத்திற்குப் புறம்பான செய்தியன்று.

பயிருக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு என்பதை மாணவர்கள் அறிவார்கள். அவற்றுள் எது குறைந்தாலும் இலை தன் பசுமையை இழக்கக்கூடும். மஞ்சள் நிறம் என்பது ஒரு முறையீடு. முறையீட்டின் காரணம் அதிலேயே எழுதப்பட்டிருப்பதில்லை. காரணத்தை நாடும்போது முதலிற் பார்க்க வேண்டியது நிறத்தையன்று, இடத்தையே. மஞ்சளித்திருப்பது கீழே உள்ள முதிர்ந்த இலையா, மேலே உள்ள இளந்தளிரா? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை பயிரின் உடலுக்குள் இடம் பெயரக் கூடியவை. இவற்றில் பற்றாக்குறை நேரும்போது பயிர் தன் பழைய இலைகளிலிருந்து சத்தை எடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்புகிறது. எனவே மூத்த இலைகளே முதலில் வாடுகின்றன. இரும்பு, கந்தகம், சுண்ணாம்புச் சத்து, போரான் ஆகியவை அவ்வாறு எளிதில் பெயர்வதில்லை. பழைய இலை பசுமையாகவே இருக்க, இளந்தளிர் பசித்து நிற்கும். வீட்டில் பெரியவர்கள் பட்டினி கிடந்து குழந்தைக்கு ஊட்டுவது முதல்வகை. பெரியவர்கள் உண்டு முடித்தபின் குழந்தைக்கு ஒன்றும் மிஞ்சாமற்போவது இரண்டாம் வகை.

இந்த ஒரு விதியைக் கொண்டே பாதிச் சிக்கலைத் தீர்க்கலாம். மீதிப் பாதிதான் நம்மைத் திணறடிப்பது. நீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இலை மஞ்சளிக்கும். வேரை நூற்புழு அரித்தாலும் மஞ்சளிக்கும். ஆகவே எந்த உரத்தின் பெயரையும் சொல்வதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும் அலுவலர்கள் நம்மிடையே மிகச் சிலரே என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. காலணியில் சேறு படும் என்பது காரணமாயிருக்க முடியாது என்று நம்புகிறேன்.

இனி ஓர் உண்மை வரலாறு. இமயத்தின் அடிவாரத்தில் தராய் என்னும் நிலப்பகுதி உள்ளது. சதுப்பும் காடுமாயிருந்த அப்பகுதி, நாடு விடுதலை பெற்றபின் திருத்தப்பட்டு, பிரிவினையால் புலம்பெயர்ந்து வந்தவர்கள் பலர் அங்கே குடியேற்றப்பட்டனர். காட்டின் மட்கு செறிந்த கருமண். அதைவிட வளமான நிலம் வேண்டுமென்று எந்த உழவரும் கேட்கமாட்டார். அங்கே பந்த்நகரில் 1960ஆம் ஆண்டு நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அன்று அது உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு முதல் உத்தராகண்டத்தில் இருக்கிறது.

இத்தகைய மண்ணில் நெற்பயிர் நோயுற்றது. நாற்று நட்ட சில வாரங்களில் பயிர் வளர்ச்சி குன்றி நின்றது. இளைய இலைகளின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளிறியது. மூத்த இலைகளில் துருப்போன்ற செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவின. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை அப்பகுதியில் கைர் என்னும் மரத்திலிருந்து எடுக்கிறார்கள். அதன் நிறத்தை ஒட்டி இந்நோய்க்குக் 'கைரா' என்று பெயர் வழங்கியது. புள்ளி விழுந்து பரவும் எதையும் பூஞ்சணம் என்றோ நச்சுயிரி என்றோ கருதுவது இயல்பு. அங்கே பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் ஒய். எல். நெனே 1966ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. கைராவுக்குக் காரணம் எந்தக் கிருமியும் அன்று, துத்தநாகக் குறைவே. நோயைத் தேடிச் சென்ற நோயியலார் பசியைக் கண்டுபிடித்தார் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

வளமான மண்ணில் துத்தநாகம் குறைவது எப்படி? மண்ணில் ஒரு பொருள் இருப்பது வேறு, அது பயிருக்குக் கிட்டுவது வேறு. சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் துத்தநாகம் கரையாத வடிவில் அடைபட்டுவிடும். நீர் கட்டிய வயலில் இந்த அடைப்பு மேலும் இறுகும். மட்கு மிகுதியும் அதற்குத் துணைபோகும். களஞ்சியத்தில் நெல் நிரம்பியிருந்தும் நியாயவிலைக் கடையில் அரிசி இல்லாத நிலையை நாம் பார்த்ததில்லையா? அதுபோன்றதே இது.

இதற்குரிய மருந்தோ மிக எளியது. ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 2.5 கிலோ நீற்றிய சுண்ணாம்பையும் 1,000 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பது. அல்லது நடவுக்கு முன் 25 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியுரமாக இடுவது. அந்த 25 கிலோவில் அடங்கிய துத்தநாகம் ஏறத்தாழ 5 கிலோதான். அதே வயலுக்குத் தழைச்சத்து 120 கிலோ தேவையென்றால் யூரியா 260 கிலோ இட வேண்டும். 260 கிலோவின் பயனை 5 கிலோவின் இன்மை தடுத்து நிறுத்திவிடுகிறது. கிடைப்பவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் பரப்பிய விதி இதுவே.

இப்போது எண்ணிப் பாருங்கள். துத்தநாகம் இல்லாத வயலில் இலை மஞ்சளிக்கிறது. உழவர் யூரியா இடுகிறார். பயிர் மேலும் வளர முயல்கிறது. இருந்த சிறிதளவு துத்தநாகமும் போதாமற்போகிறது. சிலர் டி.ஏ.பி. இடுகிறார்கள். மணிச்சத்து மிகுந்தால் பயிருக்குத் துத்தநாகம் கிட்டுவது இன்னும் குறையும். பிழையான மருந்து பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை, பசியை வளர்க்கிறது.

யூரியாவையே கை நாடுவது ஏன்? உழவரின் அறியாமை என்று சொல்லிவிடுவது அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்வதற்கு வசதியான விடை. விலைகளின் போக்கைப் பார்த்தால் அவர் நன்றாகக் கணக்கறிந்தவர் என்பது புலப்படும். 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது; யூரியா கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 1991-92இல் 5.9 : 2.4 : 1 என்றிருந்த மூன்று சத்துக்களின் பயன்பாட்டு விகிதம் ஒரே ஆண்டில் 9.5 : 3.2 : 1 ஆயிற்று. ஓராண்டில் நாட்டின் மண் மாறிவிடவில்லை, விலைதான் மாறியது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து சத்தின் அளவை அடிப்படையாகக் கொண்ட மானியம் நடைமுறைக்கு வந்தபோதும் யூரியா அதற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டது. மலிவான மருந்து கையருகில் இருக்கும்போது எல்லா நோயும் அந்த மருந்துக்குரிய நோயாகவே தோன்றும். (4 : 2 : 1 என்பதே உகந்த விகிதம் என்று நம் கோப்புகளில் ஓயாமல் எழுதப்படுகிறது. நாடு முழுவதற்குமான ஒரு சராசரியை ஒரு வயலுக்குரிய மருந்துச் சீட்டாகப் படிப்பது தவறு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.)

கந்தகத்தின் கதையும் இத்தகையதே. 1951இல் சிந்திரித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது அது தந்தது அம்மோனியம் சல்பேட். தழைச்சத்தை வாங்கிய உழவருக்குக் கந்தகம் இலவசமாகவே வந்து சேர்ந்தது. சூப்பர் பாஸ்பேட்டிலும் நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவில் கந்தகம் உண்டு. பின்னர், போக்குவரத்துச் செலவையும் மூட்டைச் செலவையும் எண்ணி, செறிவு மிகுந்த யூரியாவுக்கும் டி.ஏ.பி.க்கும் மாறினோம். ஒரு டன் சத்துக்கு ஆகும் செலவைக் குறைத்த அந்த முடிவைப் பொருளாதாரம் படித்தவன் எவனும் குறை கூறமாட்டான். ஆனால் அவ்விரண்டிலும் கந்தகம் இல்லை. எண்ணெய் வித்துக்களும் பருப்பு வகைகளும் விளையும் நிலங்களில் இளந்தளிர்கள் மஞ்சளிக்கத் தொடங்கின. தழைச்சத்துக் குறைவும் கந்தகக் குறைவும் இலை முழுவதையும் ஒரே சீராக வெளிறச் செய்பவை. கீழிலையா தளிரா என்ற ஒரே வேறுபாட்டைக் காணத் தவறினால் மீண்டும் யூரியாதான்.

இங்கே இன்னொரு செய்தியையும் நாம் மறத்தலாகாது. கிராமத்தில் பயிரின் நோயைக் கண்டறிந்து சொல்பவர் பெரும்பாலும் உரக்கடைக்காரர். அவர் சொல்லும் யோசனைக்குக் கட்டணமில்லை. விற்கும் மூட்டைக்கு விலையுண்டு. யோசனையின் விலை மூட்டையின் விலைக்குள் அடங்கியிருக்கும் வரையில், 'ஒன்றும் இட வேண்டாம்' என்ற யோசனையை அவரிடமிருந்து எதிர்பார்ப்பது அவரிடம் துறவை எதிர்பார்ப்பதாகும். அவரைப் பழிப்பதில் பயனில்லை. அவருக்கு எதிரே விற்பனையில் பங்கில்லாத ஒருவரை நிறுத்துவதே நம் வேலை.

மண்வள அட்டைத் திட்டம் அந்நோக்கத்தோடு 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கப்பட்டது. துத்தநாகம், இரும்பு, போரான் உள்ளிட்ட பன்னிரண்டு கூறுகளை அட்டை காட்டுகிறது. பரந்த நாட்டில் இது சிறு சாதனையன்று. ஆயினும் முதற் சுற்றுக்களில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மண் மாதிரியே எடுக்கப்பட்டது. இந்திய உழவருடைய உடைமையின் சராசரி ஒரு ஹெக்டேரைச் சற்றே தாண்டுவது. ஆகவே அட்டையில் எழுதியிருப்பது பக்கத்து வயலின் மண்ணாகவும் இருக்கலாம். மேட்டு வயலும் பள்ள வயலும் ஒரே மண்ணல்ல என்பதை அட்டை பெற்றவர் அறிவார். அதனாலேயே பலர் அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

அட்டை ஐயத்தைத் தூண்டட்டும். பயிரே சான்று சொல்லட்டும். துத்தநாகக் குறைவென்று ஐயுற்றால், வயலின் ஒரு மூலையில் சில பாத்திகளுக்கு மட்டும் துத்தநாக சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளித்து, அடுத்த பாத்திகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் புதிதாய் வரும் இலைகளை ஒப்பிட வேண்டும். பழைய இலையில் விழுந்த புள்ளி மறையாது. அதைப் பார்த்துப் பலனில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதற்காகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் நம் செயல்விளக்கத் திட்டங்கள் பலவற்றில் தெளித்த பாத்தி உண்டு, பெயர்ப் பலகை உண்டு, தெளிக்காத பாத்தி மட்டும் இல்லை. ஒப்பிட ஒன்றில்லாத செயல்விளக்கத்திற்குச் செலவுத் தொகை ஒப்பளிக்கும்போது, அதைக் கேட்டுப் பெறும் உரிமை ஒப்பமிடும் அலுவலருக்கு உண்டு.

இறுதியாகக் காலத்தைப் பற்றி. பஞ்சாபின் மணற்பாங்கான நிலங்களில் பழைய பயிர்ச் சுழற்சி மாறி, நெல்லுக்குப் பின் கோதுமை என்றாயிற்று. நெல்லுக்காகச் சேறடித்து நீர் கட்டியபோது மண்ணிலிருந்த மாங்கனீசு கரைந்து, வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கியது. அடுத்து வந்த கோதுமையின் இலைகள் நரம்புகளுக்கிடையே வெளிறின. மாங்கனீசு சல்பேட்டை மண்ணில் இட்டால் அது விரைவில் பயிருக்குக் கிட்டாத வடிவாக மாறிவிடுகிறது; எனவே இலைவழியே தெளிப்பதுதான் பயன் தருவது. அதிலும் முதல் தெளிப்பு, முதல் நீர் பாய்ச்சுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே முடிந்தாக வேண்டும் என்பது பரிந்துரை. கோதுமைக்கு முதல் நீர், விதைத்து ஏறத்தாழ மூன்று வாரத்தில். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பதோ சில வாரங்களே. அறுவடை முடிந்ததும் எடுத்த மண் மாதிரியின் முடிவு முதல் நீருக்குப் பிறகு உழவர் கையில் சேர்ந்தால், அந்த முடிவு எத்துணைத் துல்லியமாயிருந்தாலும் அவ்வாண்டுப் பயிருக்கு அது உதவாது. ஆய்வுக்கூடங்கள் ஆண்டில் எத்தனை மாதிரிகளை ஆய்ந்தன என்று மாதந்தோறும் அறிக்கை கேட்கிறோம். மாதிரி எடுத்த நாளுக்கும் அட்டை சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் சென்றன என்பதற்கும் அந்த அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.