தாயின் இரத்தம் சொல்லும் செய்தி

(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், தலை வலித்தால், "இதெல்லாம் சகஜம்" என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் புதிதாக 140/90ஐ எட்டி, சிறுநீரில் "உப்பு" என்று நாம் சொல்லும் புரதமும் இறங்கினால், அது பிரீ-எக்ளாம்ப்சியா என்னும் நோய். கடும் தலைவலி வரும், கண் மங்கும், மேல்வயிறு வலிக்கும். கவனியாமல் விட்டால் வலிப்பு கண்டு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

எங்களுக்கு நெடுநாளாக இருந்த சங்கடம் இதுதான்: ஒரே அளவு இரத்த அழுத்தத்தோடு இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருத்தி மாதம் நிறைந்து சுகமாகப் பெற்றெடுப்பாள். மற்றவளுக்கு மூன்றே நாளில் நிலைமை மோசமாகும். யாரை வார்டில் வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது? கூலி வேலைக்குப் போகும் பெண்ணை வாரக்கணக்கில் படுக்க வைத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். அனுப்பிவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது.

இதற்கு ஒரு விடை 2003ஆம் ஆண்டு கிடைக்கத் தொடங்கியது. பாஸ்டன் நகரில் டாக்டர் அனந்த் கருமாஞ்சியும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இரத்தக் குழாய்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை நஞ்சுக்கொடி சுரக்கிறது. இந்த நோயில் அதே நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற இன்னொரு புரதத்தையும் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இது முதல் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. அதனால் குழாய்கள் பழுதுபட்டு அழுத்தம் ஏறுகிறது.

இந்த இரண்டின் விகிதத்தைத் தாயின் இரத்தத்தில் இப்போது அளக்கலாம். 14 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட பெண்களைச் சோதித்தார்கள். விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 99 பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. ஆனால் 38க்கு மேல் இருந்தவர்களிலோ, நான்கு வாரத்தில் நோய் கண்டவர்கள் 100க்கு சுமார் 37 பேர்தான். ஆகவே இந்தப் பரிசோதனை "இப்போதைக்குப் பயமில்லை" என்று உறுதியாகச் சொல்லும். "நோய் வந்தே தீரும்" என்று சொல்லாது.

கர்ப்பத்தின் மூன்றாம் மாத முடிவிலேயே இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், ஸ்கேன் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஆபத்து கூடியவர்களைக் கண்டறியவும் வழியுண்டு. அப்படிக் கண்டறிந்தவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 37 வாரத்திற்கு முன் வரும் நோய் 100க்கு 4 பேர் என்பதிலிருந்து 2க்கும் கீழே குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைச் சாப்பிடக் கூடாது.

"டாக்டர், அந்தப் பரிசோதனைக் கருவியை வாங்கித் தரட்டுமா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். உங்கள் நல்ல மனதிற்கு நன்றி. ஆனால் கருவி சேதி சொல்லும், சிகிச்சை செய்யாது. நோய் முற்றினால் குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதுதான் தீர்வு. வலிப்பைத் தடுப்பது மக்னீசியம் சல்பேட் ஊசி. விலை மலிவான இந்த மருந்து வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதை, 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் காட்டியது. ஆகவே ஒவ்வொரு கிராம கிளினிக்கிலும் சரியாக வேலை செய்யும் இரத்த அழுத்தக் கருவி, கையிருப்பில் அந்த ஊசி, நடுராத்திரியிலும் கிளம்பும் ஒரு வண்டி இவை முதலில். அதன்பின் இரத்தப் பரிசோதனை வந்தால், அந்த வண்டியில் யாரை இன்றே ஏற்ற வேண்டும் என்று தீர்மானிக்கத் துணையாக இருக்கும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கர்ப்பிணி "தலை வலிக்கிறது, கண் மங்குகிறது" என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள். பிள்ளை பெற்ற பிறகும் முதல் சில நாட்களில் இந்த வலிப்பு வரக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.